குரும்பை விழுந்த பானெட்டும் மாற்றிய கதவும்

மதுரைப் பழங்காநத்தத்தில் குடியிருந்து திருமங்கலத்துக் கல்லூரி ஒன்றில் கணக்கியல் கற்பிக்கும் எனக்கு, கார் என்பது நாள்தோறும் போய்வரும் வண்டி என்பதற்கு மேல் பெரிய பொருள் எதுவும் இருந்ததில்லை. 2019 பிப்ரவரியில் வாங்கிய, 1,500 சிசிக்கு உட்பட்ட எஞ்சின் கொண்ட சிறிய கார் அது. நிறம் சாம்பல் மெட்டாலிக். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தபோது தூசி தெரியாது என்பது மட்டுமே என் கணக்கு. பிற்காலத்தில் அந்த மெட்டாலிக் என்ற ஒரு சொல்லுக்காக நான் எவ்வளவு அலையப் போகிறேன் என்பது அன்று தெரியவில்லை.

2021 ஆகஸ்டில் தெற்கு மாசி வீதியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் துணி எடுக்கச் சென்றிருந்தேன். திரும்பி வந்தபோது இடப்பக்கப் பின் கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. சரக்கு ஏற்றிய மூன்று சக்கர வண்டியைத் திருப்பும்போது அதன் ஹேண்டில்பார் இடித்துவிட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், வண்டிக்காரர் போய்விட்டார். குழியின் நடுவில் கறுப்பாக ஒரு தீற்றல் இருந்தது. பெயின்ட் உரிந்து அடித்தகடு தெரிகிறது என்று நினைத்து நான் பதறினேன். அது ஹேண்டில்பாரின் ரப்பர் உறை தேய்ந்த கறை மட்டுமே என்பதும், பாலிஷ் தொட்ட துணியால் துடைத்தால் போயிருக்கும் என்பதும், அன்று எடுத்த புகைப்படத்தை 2024இல் ஒருவரிடம் காட்டியபோதுதான் விளங்கியது.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குச் சென்றேன். அங்கிருந்தவர் கதவை ஒரு முறை பார்த்துவிட்டு, "இன்சூரன்ஸ் இருக்குல்ல மேடம், கதவையே மாத்திரலாம். தட்டி எடுத்தா பட்டி போடணும், நாள்பட்டா விரிஞ்சிரும்" என்றார். பட்டி, அதாவது குழியை நிரப்பிச் சமன்படுத்தப் பூசும் பசை, என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அருவருப்பு வந்துவிடுகிறது, எனக்கும் வந்தது. புதுக் கதவு என்றால் பழையதைவிட நல்லதாகத்தானே இருக்கும் என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டேன். தட்டி எடுப்பதற்கும் கதவை மாற்றுவதற்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்து ஒப்புதல் தரவும், கதவு வரவும், பெயின்ட் அடிக்கவும் பன்னிரண்டு நாட்கள் ஆயின. மொத்த பில் வரியுடன் 24,764 ரூபாய். அதில் கதவுத் தகடு 12,544, பெயின்டிங் 7,080, கழற்றிப் பூட்டும் கூலி 3,540, ரப்பர் பட்டைகளும் கிளிப்புகளும் 1,600. தேய்மானக் கழிவு இல்லாத 'ஜீரோ டெப்' பாலிசியை நான் எடுத்திருக்கவில்லை. வண்டியின் வயது இரண்டு ஆண்டைத் தாண்டி மூன்றுக்குள் இருந்ததால் உலோக பாகத்துக்கு 15 சதவீதமும், ரப்பர், பிளாஸ்டிக் பொருட்களுக்கு 50 சதவீதமும் கழித்தார்கள். பெயின்டிங் கட்டணத்தில் 25 சதவீதத்தைப் பொருள் விலையாகக் கொண்டு அதிலும் பாதியைக் கழித்தார்கள். இவற்றோடு 1,500 சிசி வரையிலான தனியார் கார்களுக்கு உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். ஆக என் கையிலிருந்து போனது 4,567 ரூபாய். இருபத்தைந்தாயிரம் ரூபாய் வேலை ஐயாயிரத்துக்குள் முடிந்துவிட்டது என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

கணக்குப் பாடம் நடத்துகிறவள் செய்யக்கூடாத பிழை அது, ஏனென்றால் செலவின் இன்னொரு பாதி அடுத்த பிப்ரவரியில் பாலிசியைப் புதுப்பிக்கும்போதுதான் வந்தது. காப்பீட்டில் கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்குத் தரும் 'நோ கிளைம் போனஸ்' முதலாண்டு முடிவில் 20 சதவீதம், அதன்பின் 25, 35, 45, 50 என்று படிப்படியாக ஏறும்; இடையில் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாலும் சுழியத்துக்கு இறங்கிவிடும். இந்தத் தள்ளுபடி நம் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்துக்கு மட்டும் உரியது, மூன்றாம் நபர் காப்பீட்டுக்குக் கிடையாது. 2022 பிப்ரவரியில் எனக்கு 35 சதவீதம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காததால் 6,400 ரூபாய்ப் பிரீமியத்தில் 2,240 ரூபாய் கூடுதலாகக் கட்டினேன். அடுத்த ஆண்டு 45 கிடைக்க வேண்டிய இடத்தில் 20, அதற்கடுத்த ஆண்டு 50 கிடைக்க வேண்டிய இடத்தில் 25 என்று, அவ்விரு ஆண்டுகளிலும் 1,475, 1,350 ரூபாய் இழந்தேன். மூன்றாண்டில் 5,065 ரூபாய், வரி நீங்கலாக. முன்னால் கட்டியதையும் சேர்த்தால் 9,632. ஜீரோ டெப் பாலிசி இருந்தாலும் தேய்மானம்தான் மிச்சமாகுமே தவிர, போனஸைக் காக்கத் தனியாக ஒரு சேர்ப்பு எடுத்திராவிட்டால் இந்த இழப்பு அப்படியேதான் இருக்கும்.

பணத்தைவிட என்னை உறுத்தியது நிறம். சர்வீஸ் சென்டரின் கொட்டகைக்குள் எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. ஒரு வாரம் கழித்துக் காலை ஏழு மணிக்கு வண்டியூர்த் தெப்பக்குளத்தின் ஓரத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது, முன் கதவு ஒரு சாம்பலாகவும் பின் கதவு சற்றே நீலம் கலந்த இன்னொரு சாம்பலாகவும் நின்றன. இதில் பெயின்டரின் கையை மட்டும் குறை சொல்வதற்கில்லை என்பதைப் பின்னால் புரிந்துகொண்டேன். மெட்டாலிக் பெயின்டில் நுண்ணிய அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியின் காற்றழுத்தம், தூரம், பெயின்டின் ஈரம் ஆகியவற்றுக்கு ஏற்ப அவை படுத்தோ நிமிர்ந்தோ உறைகின்றன, அதனால் நிற எண் ஒன்றாக இருந்தாலும் பார்க்கும் கோணம் மாறும்போது நிழல் மாறுகிறது. அதோடு இரண்டரை ஆண்டு மதுரை வெயிலில் நின்ற கதவும் புதிதாக அடித்த கதவும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே சற்று அதிகம். இதற்காகவே தேர்ந்த பெயின்டர்கள் புதுப் பாகத்தோடு நிறுத்தாமல் பக்கத்துக் கதவின் பாதிவரை நிறத்தை மெல்லக் கரைத்து இழுத்துவிடுவார்கள், பிளெண்டிங் என்பார்கள். என் வண்டிக்கு அதைச் செய்யவில்லை. செய்யும்படி கேட்க எனக்குத் தெரியவில்லை.

மாற்றிய பாகம் தொழிற்சாலையிலிருந்து நிறத்தோடு வருவதில்லை என்பதும் எனக்குப் புதிய செய்தி. துருத் தடுப்புப் பூச்சோடு வெறுமையாகத்தான் வருகிறது. மேல் நிறத்தை உள்ளூர்ப் பட்டறையின் பூத்தில், அதாவது பெயின்ட் அடிக்கும் அடைப்பறையில்தான் அடிக்க வேண்டும். தொழிற்சாலையில் கண்ணாடி, வயர், ரப்பர் எதுவும் பூட்டாத வெறுங்கூட்டை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் சுட்டு இறுக வைக்கிறார்கள். முழுக் காரை அப்படிச் சுட முடியாததால், பட்டறை பூத்தில் ஹார்டனர் கலந்து 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் உலர்த்துகிறார்கள். பாகம் புதியதாகவே இருந்தாலும் அதன் மேலிருக்கும் பெயின்ட் மறுபெயின்ட்தான். நல்ல பெயின்டர் அடித்தால் அதுவும் பல ஆண்டு நிற்கும். ஆயினும் தொழிற்சாலைப் பெயின்ட் ஒரு முறை போனால் போனதுதான்.

அடுத்த சேதம் சோழவந்தானில் நடந்தது. 2023 வைகாசியில் ஜெனகை மாரியம்மன் கோவில் திருவிழாவுக்காகப் பெரியம்மா வீட்டுக்குச் சென்று, நிழலுக்கு ஆசைப்பட்டுத் தோப்பின் ஓரத்தில் காரை நிறுத்தினேன். அணில் கொறித்த குரும்பை, அதாவது தென்னம்பிஞ்சு ஒன்று பானெட்டின் மீது விழுந்தது. முற்றிய காயாக இருந்திருந்தால் கதையே வேறு. ஒரு சாண் அகலத்துக்கு, வெண்கலக் கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தியது போல வழவழப்பான குழி. பெரியப்பா தடவிப் பார்த்துவிட்டு, "ஒடுக்கு எடுத்தாப் போச்சு. வெங்கலக்கடைத் தெருவுல உங்க அப்பத்தா குடத்துக்கு எடுக்கலையா" என்றார். எல்லோரும் சிரித்தோம். பின்னால் யோசித்தபோது அவர் சொன்னதில்தான் சாரம் முழுவதும் இருந்தது. குடத்துக்கு ஒடுக்கு எடுப்பவர் குடத்தை வெட்டி ஒட்டுவதில்லை. உள்ளே கையை விட்டு, எந்த இடத்தில் தகடு இறங்கியதோ அந்த இடத்தைச் சிறிது சிறிதாக மேலே கொண்டுவருகிறார்.

இந்த முறை மூன்று இடங்களில் விலை கேட்டேன். சர்வீஸ் சென்டரில் பானெட்டை மாற்றப் பெயின்டுடன் சுமார் 19,000 ரூபாய் என்றார்கள். வண்டிக்கு நான்கு ஆண்டு கடந்துவிட்டதால் உலோகத்துக்கான தேய்மானம் இப்போது 35 சதவீதம். புதூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள டிங்கரிங் பட்டறையில் தட்டிப் பட்டி போட்டுப் பானெட் முழுவதும் பெயின்ட் அடிக்க 6,500 என்றார்கள். மூன்றாவது இடம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. பைபாஸ் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் பி.டி.ஆர். என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. மதுரையில் அந்த மூன்றெழுத்துக்கு ஓர் அரசியல் குடும்பத்தின் பெயர்தான் நினைவுக்கு வரும் என்பதால், பல நாட்களாக அதைக் கட்சி அலுவலகம் என்றே எண்ணிக் கடந்திருக்கிறேன். பெயின்ட்லெஸ் டென்ட் ரிப்பேர், அதாவது பெயின்டைத் தொடாமல் ஒடுக்கு எடுக்கும் வேலை என்று கீழே சிறிய எழுத்தில் இருந்ததை அன்றுதான் படித்தேன்.

அங்கிருந்த மேலூர்த் தம்பி வளைகுடாவில் சில ஆண்டுகள் இதே வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். விலை சொல்வதற்கு முன் அவர் செய்த முதல் வேலை, பானெட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் செல்போன் விளக்கைத் தகட்டோடு ஒட்டிப் பிடித்துச் சாய்வாகப் பார்த்தது. பெயின்டில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அது கோடாகத் தெரியும். வெடிப்பு இருந்தால் இந்த வேலையே பயனில்லை, ஏனெனில் தகடு நிமிர்ந்தாலும் வெடித்த வழியே நீர் இறங்கித் துருப்பிடிக்கும், பிறகு எப்படியும் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும். அடுத்து, விரலைக் குழிக்குள் ஓட்டி மடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். என் கண்ணுக்குக் குழியின் அகலம்தான் பெரிதாகத் தெரிந்தது. அவருக்கு அகலம் ஒரு பொருட்டாகவே இல்லை. "அகலமா, வழவழன்னு இருந்தா நல்லதுக்கா. குண்டூசி குத்துன மாதிரி சின்னதா, கூரா இருந்தாத்தான் பெரும்பாடு" என்றார். காரணம் எளிது. காரின் வெளித்தகடு பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் கனம்தான். அகன்ற குழியில் தகடு வளைந்திருக்கிறதே தவிர அதிகம் இழுபடவில்லை. கூரிய குழியிலும் மடிப்பிலும் தகடு இழுபட்டு நீண்டுவிடுகிறது. நீண்ட தகட்டை நிமிர்த்தினால் கூடுதல் உலோகம் போக இடமின்றி, எண்ணெய் டின்னின் அடியை அழுத்துவது போல இப்படியும் அப்படியும் 'டப்' என்று அடிக்கும்.

மூன்றாவதாக அவர் பார்த்தது, பின்புறம் கம்பி போக வழி இருக்கிறதா என்பது. பானெட்டின் அடியில் இன்னொரு சட்டத் தகடு இருக்கிறது. அதில் உள்ள துளைகள் வழியாகக் கம்பியை விடலாம், சட்டம் மேல்தகட்டோடு பசையால் ஒட்டியிருக்கும் இடத்தில் விட முடியாது. கதவானால் கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த இடுக்கு வழியாகக் கம்பி இறங்கும், ஆனால் உள்ளே பக்கவாட்டு மோதலைத் தாங்கும் இரும்புத் தண்டு குறுக்கே நிற்கும். கதவு, பானெட் ஆகியவற்றின் விளிம்பில் வெளித்தகடு உள்தகட்டைச் சுற்றி மடிக்கப்பட்டு இரட்டையாக இருப்பதால், விளிம்பிலிருந்து ஓரிரு விரற்கடைக்குள் விழுந்த ஒடுக்கை எடுப்பது கடினம். பிளாஸ்டிக் பம்பருக்கு இந்த முறை பொருந்தாது. அதைச் சூடேற்றி உள்ளிருந்து தள்ளுவது தனி வேலை. அலுமினியத் தகடும் இரும்பைப் போல இணங்கி வருவதில்லை.

5,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட விளக்குப் பலகை ஒன்றை உறிஞ்சுகுமிழால் பானெட்டின் மேல் நிறுத்தினார். நல்ல தகட்டில் அந்தக் கோடுகள் நேராகப் பிரதிபலித்தன. குழியில் அவை சுருங்கி வளைந்து கண் போலத் தெரிந்தன. அவர் பார்த்தது தகட்டையே அல்ல, அந்தக் கோடுகளைத்தான். கம்பியின் நுனி அடியில் எங்கே இருக்கிறது என்பதைக் கோட்டின் நடுக்கத்தை வைத்தே கண்டுகொண்டு, மில்லிமீட்டரில் ஒரு பங்காக அழுத்தினார். குழியின் நடுவை முதலில் தொடவே இல்லை. விழுந்தபோது சுற்றிலும் மேடாகப் பிதுங்கிய வளையத்தை நைலான் முனையும் சிறு சுத்தியலும் கொண்டு தட்டித் தளர்த்திய பிறகுதான் உள்ளே வந்தார். சட்டம் ஒட்டியிருந்த இடத்தில், மேலிருந்து சூட்டுப் பசையால் சிறு பிளாஸ்டிக் குமிழ்களை ஒட்டி இழுத்தார். அதற்கு முன் அந்த இடத்தை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தார், பசையை எடுக்கும்போதும் அதையே ஊற்றினார். நடுவில் இரண்டு முறை சூட்டுக் காற்றால் பெயின்டை இளக்கிக்கொண்டார்.

முடிந்த பிறகு என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரோ விளக்கைச் சாய்த்து ஓர் இடத்தைக் காட்டி, "இங்க லேசா அலை இருக்குக்கா, சட்டத்துக்கு மேல. இதுக்கு மேல இழுத்தா பெயின்ட்டுக்கு ஆகாது" என்றார். வாடிக்கையாளர் கண்டுபிடிக்காத குறையைத் தானே காட்டுகிற ஒருவரிடம் வேலை கொடுத்திருக்கிறேன் என்ற நிம்மதி எனக்கு. அந்த அலையை இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் இன்றும் நான் தேடினால் பார்க்க முடியும். தேடாதவர்கள் யாரும் இதுவரை பார்த்ததில்லை.

இதைப் படித்துவிட்டு, டிங்கரிங் பட்டறைகளை நான் தாழ்த்துவதாக யாரும் கொள்ள வேண்டாம். 1911இல் டி.வி.எஸ். நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து பேருந்தும் லாரியும் வேரூன்றிய ஊர் இது. தகட்டைத் தட்டி நிமிர்த்தும் கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. தடித்த தகட்டில் பழகிய கை காரின் மெல்லிய தகட்டில் கனமாக விழுந்துவிடுவதுதான் சிக்கல். அதை அறிந்த டிங்கர்களும் இருக்கிறார்கள். என்னுடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவரின் காரில், பின் சக்கரத்துக்கு மேலுள்ள குவாட்டர் பேனல் கல்யாண மண்டபத்துக் கேட்டில் உரசி, பெயின்ட் கிழிந்து ஒரு முழ நீளத்துக்கு மடிந்துபோனது. மேலூர்த் தம்பி கைவிரித்துவிட்டார். சர்வீஸ் சென்டரில் அந்தப் பேனலையே மாற்றலாம் என்றார்கள். நான் அந்த ஆசிரியையைத் தடுத்தேன். கதவு, பானெட், டிக்கி மூடி, முன் சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் ஆகியவை போல்ட்டில் நிற்பவை. கழற்றினால் வண்டியின் கூட்டுக்கு ஒன்றும் ஆகாது. குவாட்டர் பேனலும் கூரையும் கூட்டோடு வெல்டிங் செய்யப்பட்டவை. அவற்றை மாற்றுவது என்றால் தொழிற்சாலை வைத்த ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து, தூணருகே அறுத்து, புதிதாக வெல்டு வைத்து, இணைப்புகளில் சீலன்ட் இழுத்து, உள்ளே துருத் தடுப்பு அடிக்க வேண்டும். இவற்றுள் ஒன்றைச் சரியாகச் செய்யாவிட்டாலும் சில மழைக்காலத்துக்குள் டிக்கியில் ஈரம் தெரியும். கடைசியில் தொழிற்பேட்டைப் பட்டறையிலேயே, தகட்டின் மேல் சிறு வளையங்களைப் பற்றவைத்து வெளியே இழுத்து, மெல்லிய பட்டி போட்டுப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பட்டி என்றதும் முகம் சுளிப்பதை நான் விட்டுவிட்டது அப்போதுதான். குழியை நிமிர்த்தாமல் கனமாக அப்பி மூடுகிற பட்டிதான் விரியும். தகட்டை முறையாக நிமிர்த்திய பின் ஓரிரு மில்லிமீட்டருக்குள் சமன்படுத்தப் போடுவது அப்படியல்ல.

மாற்றுவது மட்டுமே சரி என்ற நிலையும் உண்டு. வாடிப்பட்டிக்கு அருகே நான்கு வழிச் சாலையில் என் கொழுந்தனாரின் கார் குறுக்கே வந்த மாட்டின் மேல் மோதியது. முன் ஃபெண்டர் கசங்கி, ஹெட்லைட் உடைந்து, பானெட்டின் முனை மடிந்துபோயிருந்தது. தகடு கிழிந்திருந்தாலோ, பெயின்ட் உரிந்து வெறும் இரும்பு தெரிந்தாலோ, ஹெட்லைட்டும் கீலும் பூட்டும் இடங்கள் வளைந்திருந்தாலோ தயங்க வேண்டியதில்லை. அங்கே பி.டி.ஆர். என்று மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண் வேலை. பில்லும் பெரிது என்பதால் போனஸ் இழப்பைக் கழித்த பின்னும் காப்பீடு லாபமாக இருந்தது. வெளியே தெரியும் தகட்டைவிடப் பம்பருக்குப் பின்னால் உள்ள குறுக்குத் தண்டு வளைந்திருக்கிறதா, ஏர்பேக் சென்சார் இருக்கும் இடம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதுதான் அங்கே முக்கியம்; அதைக் கழற்றாமல் பார்க்க முடியாது. அவர் பிடிவாதமாகக் கழற்றச் சொன்னதால்தான் தண்டின் ஒரு முனை வளைந்திருந்தது தெரிந்தது.

என் கதவின் கதை 2024இல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் சாய்ந்து, 2021இல் மாற்றிய அதே பின் கதவில் சிறிய ஒடுக்கு விழுந்தது. பானெட்டில் இருந்ததில் கால்வாசிகூட இல்லை. தைரியமாக மேலூர்த் தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் கைக்கு அடக்கமான கருவி ஒன்றைக் கதவின் மேல் வைத்தார். பெயின்டின் கனத்தை மைக்ரானில் காட்டும் கருவி அது. முன் கதவில் 110, 115 என்று வந்தது. பின் கதவில் 210. தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரானை ஒட்டி நிற்கும், மறுபெயின்ட் அதைத் தாண்டும், பட்டி இருந்தால் 500, 1,000 என்று எகிறும். "இது மாத்துன கதவாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போதுதான் 2021ஆம் ஆண்டுப் புகைப்படத்தைச் செல்போனில் தேடி எடுத்துக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அது ரப்பர்க் கறை என்றும், பெயின்டில் கீறலே இல்லை என்றும், மூவாயிரம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயில் அரை நாளில் முடிந்திருக்கும் என்றும் சொன்னார். 9,632க்கு எதிராக 3,500.

அத்தோடு முடியவில்லை. மறுபெயின்ட் அடித்த கதவில் பசை ஒட்டி இழுத்தால் பெயின்டே பிய்ந்து வரலாம் என்பதால் அந்த வேலைக்கு அவர் இசையவில்லை. கண்ணாடி இடுக்கு வழியாகக் கம்பியை மட்டும் விட்டுப் பார்த்தார். குறுக்குத் தண்டு வழிமறித்ததில் முக்கால்வாசிதான் எடுக்க முடிந்தது. முக்கால்வாசிக்கு எனச் சொல்லிப் பாதிப் பணம் வாங்கிக்கொண்டார். ஒரு முறை பாகத்தை மாற்றியதால், அடுத்த முறை மாற்றாமல் தப்பிக்கும் வழியையும் நானே அடைத்திருந்தேன் என்பது என் கணக்கேட்டில் எந்தத் தலைப்பின் கீழும் வராத செலவு.

பழைய காரை விற்கும்போதும் இதே கருவியோடுதான் வந்து நிற்கிறார்கள். சென்ற ஆண்டு வண்டியை மதிப்பிட வந்தவர் பானெட்டில் வைத்துப் பார்த்து, 112 என்று எழுதிக்கொண்டு பேசாமல் நகர்ந்தார்; குரும்பை விழுந்த கதை அவருக்குத் தெரியவே இல்லை. பின் கதவில் வைத்தபோது, "ஆக்சிடென்ட் வண்டியா?" என்றார். ஹேண்டில்பார் இடித்ததுதான் என்று விளக்கினேன். பழைய கதவின் படமும் பில்லும் இருந்ததால் நம்பினார். அவை இல்லாதிருந்தால் நம்பியிருக்க மாட்டார். எந்த வேலைக்கு விட்டாலும் விடுவதற்கு முன் பகலில் நான்கு கோணத்தில் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வைக்கும் பழக்கம் மட்டும் எனக்கு முதலிலிருந்தே இருந்தது, அது தொழில் புத்தி.

இப்போது ஒடுக்கு ஏதும் விழுந்தால் விலை கேட்கப் போவதற்கு முன் நானே வண்டியைக் கழுவி, இரவில் போர்டிகோ டியூப்லைட்டின் கோடு தகட்டில் எப்படி வளைகிறது என்று பார்க்கிறேன். கோடு வழுக்கிக்கொண்டு வளைந்தால் பைபாஸ் சாலை. உடைந்து மடிந்தால் தொழிற்பேட்டை. சில ஆயிரங்களுக்குள் அடங்கும் வேலை எதையும் காப்பீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தெரியாத ஆளிடம் கொடுப்பதானால், எடுத்த பிறகு கோட்டு விளக்கைப் பிடித்துக் காட்டச் சொல்கிறேன். துளை போட்டுக் கம்பி விடுவதாகச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், அந்தத் துளை துருவுக்கு வாசல் என்பதால்.

சோழவந்தானில் தோப்போரம் நிறுத்துவதைப் பெரியம்மா கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். மாட்டுத் தொழுவத்தை ஒட்டி நிறுத்தச் சொல்கிறார். அங்கே வேப்பங்கொழுந்துக்கு எட்டுவதற்காக வெள்ளாடுகள் பானெட்டின் மேல் ஏறி நிற்கின்றன. ஆட்டுக் குளம்பு விழுந்த இடம் அகலமாகவும் இருக்காது, வழவழப்பாகவும் இருக்காது.